நீல டிரம்மும் கடைசி வீட்டுக் குடமும்

நேற்றுக் காலையில் நம்முடைய லைன் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் முதல் வீட்டு அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். வாய் திறந்த ஒரு நீல டிரம், அதன் விளிம்பில் தொங்கும் பிளாஸ்டிக் மக், பக்கத்தில் மூக்கொழுக நிற்கும் ஒரு குழந்தை. கீழே, 'இதில் மொண்டு குடித்து வளர்ந்தோம். ஒரு நோய் நொடி வந்ததா நமக்கு? கேன் தண்ணீர் குடிக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார். நீங்களும் வரிசையாக வந்து கைகூப்பி, இதயம் போட்டு, அழுகிற மஞ்சள் முகம் போட்டு அமர்க்களப்படுத்திவிட்டீர்கள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நோய் வந்ததா என்றா கேட்கிறீர்கள்? முதல் வீட்டு அண்ணன் சிரங்கு வந்து, உட்கார முடியாமல், வகுப்பில் சுவரோரமாக நின்றபடியே பாடம் கேட்டது யாருக்கும் நினைவில்லையா? நடு வீட்டு அக்காவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, தினம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்களே, அது என்ன விருந்தா? நம் எல்லாருக்கும் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, 'நல்லா சாப்பிடற புள்ளைங்க' என்று வீட்டுக்கார அம்மா பாராட்டுவார். உள்ளே இருந்தது பூச்சி. குழுவிலேயே இதை எழுதப் போனேன். கட்டைவிரல் வலிக்கிற வயது வந்துவிட்டது, அங்கே எழுதித் தீராது. அதனால் இங்கே காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அடுத்தவளுடைய தட்டில் இருக்கும் முட்டை என் தட்டில் இருப்பதைவிடப் பெரியதாகத்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். ஆகவே நான் சொல்லப்போவது பெரும்பாலும் பொறாமைக் கதை. அதற்குள்ளே என் தம்பியின் உயிரும் கிடந்தது.

நம் லைன் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் ஞாபகத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். கன்னடம் பேசும் வீட்டுக்கார அம்மா தன் ராகிக் கொல்லையின் ஓரத்தில் ரயில் பெட்டி போல நீளமாக வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். முன்பக்கம் ஒரே நீளத்துக்கு ஒரு சாக்கடை. பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ். தெருமுனைக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும், சில வாரம் அதுவும் வராது. அதனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள யார் வீட்டில் பெரிய பாத்திரம் இருக்கிறதோ, அவர்கள்தான் அந்த லைனில் பெரிய மனிதர்கள்.

அப்பா ஒரு கம்பெனியின் ஸ்டோரில் ஹெல்பராக இருந்தார். அங்கே ஏதோ எண்ணெய் வந்து காலியான நீல டிரம் ஒன்றை சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கி, சைக்கிள் கேரியரில் படுக்க வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். அம்மா சோடா போட்டு, மணல் போட்டு, புளி போட்டுத் தேய்த்தாள். உள்ளே தலையை விட்டுத் தேய்க்கும்போது அவளுடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. எவ்வளவு தேய்த்தும் அந்த வாசனை முழுக்கப் போகவில்லை. முதல் மிடறு குடிக்கும்போது மூக்கில் லேசாகக் கம்பெனி அடிக்கும். எனக்கு அந்த வாசனை மிகவும் பிடித்திருந்தது, மற்ற வீட்டுத் தண்ணீரில் அது கிடையாதல்லவா?

அம்மா அந்த டிரம்மை வீட்டுக்குள் வைக்கவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். மூடி போடவில்லை. சிவப்பு மக் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். "யாரு வேணா வரட்டும், மொண்டு குடிக்கட்டும். எங்கூட்ல யாரும் கையேந்த வேணாம்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அம்மா போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமம். அவளுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டுத் தாகத்தோடு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனால், அந்த வீட்டம்மா படிமேல் நின்றுகொண்டு செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். இவர்கள் கீழே குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயோடு வைத்துக் குடிக்க வேண்டும். செம்பில் கை பட்டுவிடக் கூடாது. "வாயில போனது பாதி, மொழங்கையில ஒழுவுனது பாதி" என்று அம்மா சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சொல்லும்போது முழங்கையைத் துடைத்துக்கொள்வாள்.

தம்பி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். எனக்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டுப் பிறந்தவன், அதுவும் பையன். அவன் வந்ததிலிருந்து அம்மாவின் மடி எனக்கு இல்லாமல் போயிற்று. அவன் கையைக் காட்டினால் பிஸ்கட், வாயைத் திறந்தால் கிரைப் வாட்டர். அந்த இனிப்புத் தண்ணீரின் மூடியை நக்கிப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த பங்கு. தவழ்ந்து டிரம் அருகே போய், அதைப் பிடித்து எழுந்து நின்று, நீலத்தில் டப டப என்று தட்டுவான். லைனே கூடி நின்று சிரிக்கும். நான் தட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கோடை தொடங்கும்போது கடைசி வீட்டுக்கு ஆள் வந்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கத்தில் சொந்த நிலம் வைத்திருந்த குடும்பம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் மிஞ்சியது போதவில்லை என்று புருஷன் கம்பெனி வேலைக்கு வந்துவிட்டார். லாரியிலிருந்து பித்தளைக் குடங்கள் இறங்கியதைப் பார்த்ததுமே அம்மா, "நெலத்துக்காரங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். உங்களுக்குத் தெரியும் யார் என்று. அவளைப் பார்த்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுடைய அம்மா அவளை உட்கார வைத்து, சவர பிளேடால் நகம் வெட்டிவிடுவாள். அந்த விரல்கள் உரித்த வேர்க்கடலை போலச் சுத்தமாக இருக்கும். என் நகங்களை நான்தான் கடித்துக்கொள்வேன். அவள் தலையில் பேன் கிடையாது. அவளுக்குச் சிரங்கு வரவில்லை, வயிறு தள்ளவில்லை, வயிற்று வலி என்று ஒரு நாளும் அவள் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தி எங்களைக் கைதட்டச் சொன்னார். நான் சத்தம் வராமல் தட்டினேன்.

அவளுக்கு ஒரு தங்கைப் பாப்பாவும் இருந்தது. என் தம்பியோடு ஒரே பருவம். அதன் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. என் தம்பிக்குத் தொடை எலும்பு தெரியும். அம்மா அந்தப் பாப்பாவைப் பார்க்கும் பார்வையை நான் கவனித்திருக்கிறேன். கொஞ்சுவது போலத் தொடையைக் கிள்ளுவாள், கிள்ளும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் தம்பியைத் தூக்கி, "உனுக்கு மட்டும் ஏண்டா ஒட்ட மாட்டேங்குது?" என்று அவனையே கேட்பாள்.

கடைசி வீட்டு அத்தையை லைனில் பலருக்கும் பிடிக்கவில்லை. அவள் எந்நேரமும் கை கழுவிக்கொண்டே இருந்தாள். பாப்பாவுக்குக் கால் கழுவிவிட்டால் சாம்பலைத் தொட்டுத் தன் கையைத் தேய்ப்பாள், சோறு ஊட்டும் முன் மறுபடியும் தேய்ப்பாள். "பச்சப்புள்ளது, அதுல இன்னா அழுக்கு?" என்று நம் அம்மாக்கள் முகவாயில் கை வைத்தார்கள். நம் வீடுகளில் குழந்தைக்குக் கால் கழுவிய கையை அதே டிரம் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்து, அப்படியே சோறு பிசைவார்கள். அவளிடம் டிரம் கிடையாது. கழுத்துக் குறுகிய குடங்கள்தான், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைச் சாய்த்துத்தான் எடுப்பாள்.

ஒரு சாயங்காலம் நாங்கள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிவிட்டுத் தாகத்தோடு அவள் வீட்டு வாசலுக்குப் போனோம். அவள் செம்பில் தண்ணீர் சாய்த்துக் கொண்டுவந்து படியில் நின்றாள். "கைய நீட்டு கண்ணு" என்று மண் போக முதலில் கழுவ ஊற்றினாள். "இப்ப குடி" என்று மேலும் தூக்கி ஊற்றினாள். நான் குனிந்து, கைகளைக் குவித்துக் குடித்தேன். தண்ணீர் என் முழங்கை வழியாக ஒழுகியது. எனக்குப் பின்னால் அவளுடைய மகளும் தன் முறைக்காகக் கைகளைக் குவித்துக்கொண்டு நின்றாளாம். அது வெகுகாலம் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அதைப் பார்க்கவில்லை. டிரம்மருகே நின்றிருந்த அம்மா பார்த்தது, படிமேல் செம்போடு ஒரு பெண், படிக்குக் கீழே குனிந்திருக்கும் தன் மகள், அவ்வளவுதான்.

அம்மா ஓடி வந்த வேகத்தில் என் தோளைப் பிடித்து இழுத்ததில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

"இன்னாத்துக்கு மே தூக்கி ஊத்தற? அந்தச் சொம்ப கையில குட்தா தேஞ்சி பூடுமா?"

"இல்லக்கா, கை உள்ள படக்கூடாதுன்னுதான்…"

"எங்க கை படக்கூடாதா?"

"ஐயோ, அப்பிடி இல்லக்கா! யாரு கையும்…"

"எங்கம்மாவுக்கு இப்பிடித்தான் ஊத்துனாங்க. எனுக்கும் இப்பிடித்தான் ஊத்துனாங்க. எம் பொண்ணுக்கும் ஊத்தணும்னு ஓசூர் வரைக்கும் வந்துட்டியா நீ?"

கடைசி வீட்டு அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் போனதே ஒப்புக்கொண்டது போல ஆயிற்று. அன்று அம்மா டிரம் முன்னால் நின்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், "எங்கூட்டுத் தண்ணிக்குத் தீட்டு கெடையாது. கைய விட்டு, முழங்கை வரைக்கும் விட்டு மொண்டுக்கோங்க!" நீங்களும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பாண்டி ஆடிய கை, சாக்கடையில் பந்து எடுத்த கை எல்லாவற்றையும் விட்டு மொண்டீர்கள். மக் அறுந்து உள்ளே விழுந்தால் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கையை விட்டுத் துழாவினோம். அம்மா பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன். அவள் வாழ்க்கையில் உயரத்திலிருந்து விழுந்த தண்ணீருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கும்படி யாரும் அவளை நடத்தியதில்லை.

வெயில் ஏறிற்று. தண்ணீர் லாரி எப்போதோ ஒரு முறை வந்தது. டிரம்மின் அடியில் பச்சையாக வழுவழுப்பு படிந்தது. அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம். அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

முதலில் யாரும் பயப்படவில்லை. வீட்டுக்கார அம்மா வந்து அவன் ஈறைத் தடவிப் பார்த்து, "ஹல்லு பர்த்தா இதே" என்றார். பல் வருகிறதாம், பல் வந்தால் வயிறு போகுமாம். நடு வீட்டுப் பெரியம்மா, "தண்ணி குடுக்காத. குடுக்கக் குடுக்கத்தான் போவும். வயிறு காஞ்சா தானா நின்னுடும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, ஒழுகுகிற பானையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அம்மா மட்டும் வேறு காரணம் கண்டுபிடித்திருந்தாள். "பல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. அவ கண்ணு. அவளுக்கு ஆம்பளப் புள்ள இல்ல, எம் மவன வெறிச்சு வெறிச்சுப் பாக்கறா." உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி என்று அர்த்தம். அம்மா கடைசி வீட்டைப் பார்த்து வாசலில் காறித் துப்பினாள்.

தம்பி டிரம்மைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். அவன் அழும்போதெல்லாம் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் பொறாமைதான். அவனுக்காக பேக்கரியிலிருந்து ரொட்டி வந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் அவனைத்தான் பார்த்தார். அம்மா என்னை மறந்தே போய்விட்டாள். எனக்கும் பேதி வரட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு, டிரம்மிலிருந்து இரண்டு மக் அதிகமாகக் குடித்தேன். அந்தத் தண்ணீருக்கும் பேதிக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்து அல்ல, தாகத்தில்தான்.

பிறகு ஒரு மதியம் அவன் அழுவதை நிறுத்திவிட்டான். "பாத்தியா, அடங்கிடுச்சு" என்று நடு வீட்டுப் பெரியம்மா சந்தோஷப்பட்டார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். தம்பி அம்மாவின் மடியில் கிடந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்தது, அவன் உதட்டை அசைக்கவில்லை.

அந்த நேரத்தில் கடைசி வீட்டு அத்தை நம் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை. அழுகைச் சத்தம் நின்றது அவளுக்கும் கேட்டிருக்கிறது, அவளுக்கு மட்டும் அது சந்தோஷமாக இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, தம்பியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் அப்படியே மடிந்து நின்றது.

"எந்திரி மே" என்றாள்.

"நீ யாரு எம் மவனத் தொட?"

"அப்பறம் திட்டிக்க. இப்ப எந்திரி. புள்ள அத்தினி அழுதானே, கண்ணுல தண்ணி வந்துச்சா? சொல்லு, வந்துச்சா?"

அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் காய்ந்து கிடந்தது. அத்தையே தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தன் மகளிடம் குடத்தையும் செம்பையும் தேக்கரண்டியையும் எடுத்து வரச் சொல்லி, பாப்பாவை நடு வீட்டில் விட்டுவிட்டு, ரோட்டுக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் வந்தது. அவள் ரோட்டு நடுவே நின்றுவிட்டாள்.

"கம்பெனி வண்டிம்மா இது, ரூட்டு மாத்த முடியாது. பஞ்ச் அடிக்க லேட்டாயிடும்" என்றார் டிரைவர்.

"ஆவட்டும். உம் புள்ளன்னா ரூட்டு பாப்பியா?"

உள்ளே இருந்த யாரோ, "பெரியாஸ்பத்திரிக்கு உடுங்கண்ணே, எங்க சம்பளந்தான போவும்" என்று சத்தம் போட்டார்கள். பஸ் திரும்பியது. யூனிபார்ம் போட்ட ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்று இடம் விட்டார்கள். கடைசி வீட்டு அத்தை செம்பில் தண்ணீர் சாய்த்து, மடியில் முடிந்து வந்திருந்த சர்க்கரையையும் உப்பையும் போட்டுக் கலக்கி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். "கண்ணீர விட கரிக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிச்சு" என்றாள். தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியின் வாயில் விட்டாள். அம்மா அவள் கையைத் தட்டப் போனாள். அதற்குள் தம்பி நாக்கை நீட்டி, கரண்டியைத் தேடினான். தட்டப் போன கை அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் அவன் காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. 'இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால்' என்று டாக்டரம்மா ஆரம்பித்ததை அம்மா கேட்கவே விரும்பாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பினாயில் நாற்றம். நாங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்தோம்.

அத்தையின் மகள், "ம்மா, தண்ணி" என்றாள்.

அத்தை எழுந்தாள். குடத்தைச் சாய்த்துச் செம்பில் எடுத்தாள். "கைய நீட்டு கண்ணு" என்றாள். முதலில் கழுவ ஊற்றினாள். பிறகு செம்பை உயரத் தூக்கினாள். அவளுடைய மகள், அந்தச் சுத்தமான நகக்காரி, கீழே குனிந்து கைகளைக் குவித்துக் குடித்தாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம் பொண்ணுக்குமா இப்பிடி ஊத்துற?"

"எல்லாருக்குந்தான். எங்கூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான்."

"இன்னாத்துக்கு?"

கடைசி வீட்டு அத்தை செம்பைத் தரையில் வைத்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது போல அதன் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்" என்றாள். "கொல்லையில ஆளு வேல செய்யுது, வூடு நெறய ஜனம். பெரிய அண்டா வெச்சிருந்தோம். எல்லாரும் அதுலதான் மொண்டோம். நானும் புள்ளைக்குக் கால் கழுவுன கைய அதுலதான் உட்டேன். வயித்தால போச்சு. தண்ணி காட்டாதன்னாங்க, காட்டல. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போறதுக்குள்ள மடியிலயே போயிட்டான். அங்க இருந்த நர்சம்மா எங் கையப் புடிச்சினு எல்லாத்தையும் சொல்லிச்சு. அதுக்கப்பறம் யாரு கையும் எந் தண்ணியில பட உடறதில்ல. எங் கையையும்."

அம்மா கோபமாகத்தான் கேட்டாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்பிடிச் சொல்லுவேன்? நீ உசுரோட ஒரு ஆம்பளப் புள்ளய இடுப்புல வெச்சினு நிக்கற. உங்கிட்ட வந்து எம் மவன் செத்துட்டான்னு சொல்லணுமா?" அவள் செம்பைத் துடைப்பதை நிறுத்தினாள். "நான் கண்ணு வெச்சேன்னு துப்புன இல்ல, அது நெசந்தான்க்கா. உம் மவன் டிரம்ம தட்டறப்பெல்லாம் எனுக்கு வயிறு எரியும். கதவச் சாத்திப்பேன். அவன் அழுவறது நின்னப்பதான் ஓடியாந்தேன்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "உம் பாப்பா தொடைய கிள்ளுனேன் இல்ல, அது கொஞ்சறதுக்கு இல்ல மே." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்காமல் அழுகையாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் குழந்தை போய்விட்டது என்று நினைத்து அம்மாவின் முதுகைத் தடவினார்கள்.

போகவில்லை. தம்பி பிழைத்தான்.

டிரம் என்ன ஆயிற்று என்பதை நீங்களும் பார்த்தவர்கள்தான், ஆனால் அதை மட்டும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. கழுத்துக் குறுகிய குடமும் வாங்கவில்லை. "அவ மாதிரி தூக்கி ஊத்த எனுக்கு மனசு வராது. அது நல்லதுக்கேன்னாலும் வராது" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தாள். அடுத்த வாரம் அப்பா தன் கம்பெனியிலிருந்து குழாய் மாட்டத் தெரிந்த ஒரு பிட்டரைக் கூட்டி வந்தார். டிரம்மின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு ஒரு பித்தளைக் குழாயை மாட்டினார்கள். மேலே இறுக்கமான மூடி. கீழே செங்கல் அடுக்கி மேடை. பக்கத்தில் ஒரு சோப்புக் கட்டி.

"இனிமே யாரும் கைய உள்ள உட வேணாம். யாரும் யாருக்கும் மேல நின்னு ஊத்தவும் வேணாம். நேரா வந்து நின்னு, கைய கழுவிட்டு, தொறந்து குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அம்மா.

கடைசி வீட்டு அத்தை வந்து அந்தக் குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "எனுக்கும் ஒண்ணு கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத பொறாமை. அதைப் பார்த்த அன்று அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை, என் கல்யாணத்தன்று கூட நான் பார்க்கவில்லை.

தம்பி இப்போது எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். தொப்பை வைத்திருக்கிறான். அம்மா சாகிற வரைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அவன் பிழைத்த கதையைத்தான் சொன்னாள். நானும் அந்தப் பஸ்ஸில் ஏறினேன், நானும் அந்த வராந்தாவில் உட்கார்ந்தேன். அவள் கதையில் நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. இன்னும் எனக்கு அது ஆறவில்லை. கடைசி வீட்டு அத்தையின் மகள், அந்தச் சுத்தமான நகக்காரியும் குழுவில் இருக்கிறாள். இந்த வயதிலும் அவளுக்கு எல்லாப் பல்லும் சொந்தப் பல். அதுவும் எனக்கு ஆறவில்லை.

முதல் வீட்டு அண்ணன் போட்ட படத்துக்குக் கீழே நீங்கள் எல்லாரும் ஏதாவது ஒன்று போட்டிருந்தீர்கள். அவள் மட்டும் எதுவும் போடவில்லை. பார்த்திருக்கிறாள், அந்த நேரம் அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று இருந்தது. 'ஒரு நோய் வந்ததா நமக்கு' என்று பிழைத்தவர்கள் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்கிறோம். அவளுடைய அண்ணன் இருந்திருந்தால் நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவனாக, இந்தக் குழுவில் இருந்திருப்பான். அவனுடைய படிப்பையும் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்து, அவன்மேலும் நான் நிச்சயம் பொறாமைப்பட்டிருப்பேன்.